அச்சுவேலியில் நான் கிள்ளிய வாடல் பூ

திருகோணமலையில் என் வீட்டில் நான்கு ஓர்கிட் தொட்டிகள் இருக்கின்றன. ஐந்து வருடமாகப் பூக்கின்றன, ஒன்றுகூடக் காய்த்ததில்லை. ஏன் என்று கேட்கத்தான் வைகாசியில் ஒரு சனிக்கிழமை அச்சுவேலிக்குப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து காலை 7.40 பஸ், பதினாறு கிலோமீற்றர், முக்கால் மணித்தியாலம். சந்தையடியிலிருந்து ஓட்டோ 250 ரூபா. "ஒரு பூவைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்றார் ஓட்டோக்காரர்.

நான் தேடிப் போன ரதி அக்கா தையல் வேலை செய்பவர், இணையத்தில் பழக்கம். மரக்கிளைகளில் தானாக ஒட்டி வளரும் வாண்டா ஓர்கிட்டைப் பந்தலின் கீழ் வளர்க்கிறார். இந்தப் பூவில் தேன் கிடையாதாம். வாசம் காட்டித் தேனீயை ஏமாற்றுகிறதாம். ஒருமுறை ஏமாந்த தேனீ லேசில் திரும்பி வராது. அப்படியானால் ஏமாற்றிப் பிழைக்கிற ஓர்கிட் குடும்பம் உலகமெங்கும் இத்தனை ஆயிரம் இனங்களாகப் பெருகியது எப்படி என்று கேட்டேன். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒவ்வொரு பொய், பொய் மாற மாற இனமும் பிரியும் என்றார். பாதிதான் விளங்கியது. மீதி இன்னும் தலைக்குள் சுற்றுகிறது.

அவர் தேநீர் போட உள்ளே போனார். எல்லாப் பூவும் பளிச்சென்று நிற்க, பந்தல் காலில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துச் செடியில் ஒன்று மட்டும் வாடித் தொங்கியது. சாமிக்கு முன்னால் வாடல் பூவைக் கண்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் கை சும்மா இராது. கிள்ளி எறிந்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் தட்டத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"தம்பி, அது காய் பிடிச்ச பூ. காய் பிடிச்சால்தான் அது உடனை வாடும். இல்லாட்டி கிழமைக்கணக்கா அப்பிடியே நிக்கும்."

அளவெட்டி ஊரில் ஒரு மரத்தில் ஒட்டி வளர்ந்த செடியின் மகரந்தத்தை அதற்கு வைத்திருந்தாராம். அந்த மரத்தைப் போன கிழமை தறித்துவிட்டார்கள், செடியும் போயிற்று. இந்தப் பூவின் மகரந்தம் தூளல்ல, இரண்டு மஞ்சள் உருண்டைகள். மற்ற உருண்டை குளிர்சாதனப் பெட்டியில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் கடதாசியில் சுற்றிக் கிடந்தது. ஊசி முனையில் எடுத்து இன்னொரு பூவுக்குள் வைத்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ என்று மட்டும் சொன்னார்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்கு முன் போங்கள், வாசம் அப்போதுதான். தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். எதையும் தொடாதீர்கள், வாடியதைக்கூட.

நாலாம் நாள் பயந்து பயந்து அழைத்தேன். பூ வாடிவிட்டதா என்று கேட்டேன்.

"நல்ல வடிவா நிக்குது, தம்பி."