அந்த வார்த்தைக்கு நான் சொன்ன அர்த்தம்

எனக்கு வாய் நீளம். அம்மா சொல்லியிருக்கிறாள், ஆபீசில் ஹெட்கிளார்க் சொல்லியிருக்கிறார், கல்யாணமான பிறகு வீட்டுக்காரரும் சொன்னார். மூன்று பேருக்கும் பதிலுக்குப் பதில் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த வாயால் ஒரு குடும்பத்தைக் கவிழ்த்ததை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், ஒரு சர்க்கார் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். தமிழ் பி.ஏ. படித்துவிட்டு டைப் அடிக்கிறோமே என்ற கடுப்பு எப்போதும் உண்டு. யாராவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டுவிட்டால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு விளக்க ஆரம்பித்துவிடுவேன்.

கொத்தடிமை என்பது எங்கள் ஆபீசில் தண்ணீர் பட்ட பாடு. சனிக்கிழமை வேலைக்கு வரச் சொன்னால் ஹெட்கிளார்க், "நான் என்ன இந்த ஆபீசுக்குக் கொத்தடிமையா?" என்று குதிப்பார். நானும் சொல்லியிருக்கிறேன், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் ஒரு பெண் மனுவோடு வந்தாள். கான்சாபுரத்துப் பக்கம் ஒரு மாந்தோப்பில் அவளும் புருசனும் இருந்தார்கள். புருசனுடைய அப்பா எப்போதோ வாங்கிய கடனுக்காகச் சின்ன வயதிலேயே அந்தத் தோப்பில் விடப்பட்டவன் அவன். காவல், தண்ணீர் பாய்ச்சுவது, மாடு பார்ப்பது எல்லாம் அவன்தான். கூலி கிடையாது, அளந்து போடுகிற நெல், தீபாவளிக்கு ஒரு வேட்டி. முதலாளியைக் கேட்காமல் சொந்தக்காரர் சாவுக்குக்கூடப் போக முடியாது. அதெல்லாம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அவள் பஸ் ஏறி வந்தது வேறொன்றுக்காக.

"ராஜபாளையத்துல மொதலாளி தங்கச்சி வீட்டுல வேலைக்கு நிக்க எம் மகள அனுப்பச் சொல்லுதாக தாயி. பத்து வயசுதான் ஆவுது. நல்லாப் படிக்கிற பிள்ள. அடுத்த வாரம் வந்து கூட்டிட்டுப் போயிருவாக. அதுக்கு முன்னால எங்கள எப்பிடியாச்சும் அங்கிருந்து எடுத்து விட்டுருங்க" என்றாள்.

அந்தப் பிள்ளையும் கூட வந்திருந்தாள். டைப் மெஷினில் வரி முடியும்போது மணி அடிக்குமே, அதைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் சிரித்தாள்.

விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். நேரில் தோப்புக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, புருசனை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வாக்குமூலத்தை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'மேற்படியாரிடம் நான் கொத்தடிமையாக இருந்து வருகிறேன்' என்று அதில் ஒரு வரி. அதன் கீழே அவன் கைநாட்டு வைத்தால் விடுதலைச் சான்று கிடைக்கும், கடன் ரத்தாகும், பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே இருப்பாள். அவ்வளவுதான் வேண்டியது.

"வாசிச்சுக் காட்டிட்டுக் கைநாட்டு வாங்கிருங்கம்மா. நான் செத்த நேரத்துல சாப்பிட்டு வந்திர்றேன்" என்று அதிகாரி எழுந்து போனார்.

பெஞ்சில் உட்காரச் சொல்லியும் அவன் உட்காரவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். நான் வாசித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மைப்பெட்டியைத் திறந்து அவன் பக்கம் தள்ளினேன். கட்டைவிரலை நீட்டியவன், "அது என்னமோ கொத்துன்னு ஒண்ணு வாசிச்சீகளே, அப்பிடின்னா என்ன தாயி?" என்று கேட்டான்.

தோப்பில் அந்த வார்த்தை கிடையாது. அங்கே அவன் பண்ணையாள், தோப்புக்காரன், மொதலாளி வீட்டு ஆள். 'அது சர்க்கார் பேச்சு, அதை விடுங்க' என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். படித்த கிறுக்கி நான், என்னிடம் போய் அர்த்தம் கேட்டான்.

"கடனுக்காக ஒருத்தர்கிட்ட மாட்டிக்கிட்டு, கூலியில்லாம, நெனச்ச எடத்துக்குப் போக முடியாமக் கெடக்கிறவன்தான் கொத்தடிமை. அந்தக் காலத்துல ஆளையே ஓலையில எழுதி வித்தாங்க, வாங்கினாங்க. அந்த மாதிரி அடிமை" என்றேன். எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் தெரியுமா! ஒரு சந்தேகமும் மிச்சமில்லாமல் சொன்னேன்.

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான். "நான் அடிமையா?"

"இல்ல, சட்டத்துல அப்பிடி ஒரு வார்த்தை..."

"சர்க்கார் காயிதத்துல அடிமைன்னு எழுதிட்டா எம் மகள நாளைக்கு எவன் கட்டுவான்? அப்ப எங்க அப்பன், ஆத்தா எல்லாரும் அடிமையா?"

வாசலில் பிள்ளையோடு குத்தவைத்திருந்த பொண்டாட்டி உள்ளே ஓடிவந்தாள். "ஏய்யா, வார்த்தை என்னய்யா பண்ணும்? வச்சிருய்யா. பிள்ள போயிரும்யா."

"ஏட்டி, சும்மா கெட. பிள்ள போனா திரும்பி வருவா. காயிதம் அழியுமா?"

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். அதிகாரி வந்ததும் அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, நாங்க எங்க இஷ்டத்துலதான் இருக்கோம். மொதலாளி வீட்டுப் பிள்ளையாட்டம் வச்சிருக்காக" என்றான். அதிகாரி மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கும்போது பொண்டாட்டி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பழைய தாளைக் கிழித்துவிட்டு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இருந்து வருவதாக நானே புதிதாக அடித்தேன். அதில் அவன் தயங்காமல் விரலை வைத்தான்.

சாயங்காலம் கோயில் வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். சந்நிதி வாசலில் நின்ற பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் "அடியேன், அடியேன்" என்று குனிந்துகொண்டிருந்தார்கள். பெருமாளுக்கு அடிமை என்று சொல்லிக்கொள்வதில் எத்தனை பூரிப்பு! எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே போகாமல் பஸ் ஏறிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்துக்கே மாற்றல் கிடைத்தது. ரேஷன் கார்டு சரிபார்க்க வீடு வீடாகப் போனபோது ஒரு பெரிய வீட்டில் இருபது வயதுப் பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஃபாரத்தில் உறவுமுறைக் கட்டத்தைக் காட்டி, "இவங்க?" என்று வீட்டம்மாவைக் கேட்டேன்.

"வீட்டோட இருக்கிற பிள்ளை. எங்க பொண்ணு மாதிரிதான். கார்டுல எல்லாம் சேர்க்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கார்டை எடுத்துவர அந்த அம்மாள் உள்ளே போனார்.

பெண் கிட்டே வந்தாள். "நீங்க வில்லிபுத்தூருல மணியடிக்கிற மெஷினு வச்சிருந்தவுகதான?"

அந்தப் பிள்ளைதான். "கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"ரெண்டு எடத்துலேருந்து கேட்டு வந்தாக. வீட்டு வேலைக்கு நிக்கிற பிள்ளைன்னு தெரிஞ்சதும் வேண்டாம்னுட்டாக."

"அம்மா எப்பிடி இருக்காங்க?"

"அம்மா அன்னையிலேருந்து அப்பாகூடப் பேசுறதில்ல. ஆனா அப்பா ஒங்கள நெனைக்காத நாளு கெடையாது. 'அந்தம்மா மட்டும் அர்த்தம் சொல்லலேன்னா ஏமாந்துபோயி கைநாட்டு வச்சிருப்பேன், நம்ம மானத்தக் காப்பாத்துன புண்ணியவதி'ன்னு சொல்லும்" என்றாள்.

உள்ளேயிருந்து வீட்டம்மா கூப்பிட்டார். "வாரேன்மா" என்று குரல் கொடுத்தவள், போவதற்கு முன்னால் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.