ஊரிகத்தில் விளக்கேற்றாத ஒரு கார்த்திகை

வீட்டில் ஒருவர் இறந்த வருடம் பண்டிகை விளக்கு ஏற்றக் கூடாது என்கிறார்கள். வாசலை இருட்டாக வைத்திருப்பது இறந்தவருக்குச் செய்யும் மரியாதையா, மிச்சம் இருப்பவருக்குக் கொடுக்கும் தண்டனையா? போன கார்த்திகை தீபத்தன்று கோலார் தங்க வயலில், ஊரிகம் என்ற பகுதியில், இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் பதில் தெரியாது. தெரிந்ததுபோல எழுதப் போவதில்லை.

போனதற்குக் காரணம் வசந்தி. பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி. ஊரிகத்து லைன் வீட்டில் பிறந்தவள். அவளுக்கும் தம்பி சேகருக்கும் திருமணம் ஆகவில்லை, அதே வீட்டில் இருந்தார்கள். இருவரும் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தார்கள். ஆனி மாதத்தில் சேகர் மாரடைப்பில் இறந்துபோனான். சாவுக்கு என்னால் போக முடியவில்லை. "கார்த்திகைக்கு வாடி. எங்க வூட்ல பண்டிக இல்ல. சும்மா கூட இரு, போதும்" என்று போனில் சொன்னாள்.

பெங்களூரிலிருந்து பங்காருப்பேட்டை ரயிலில் எழுபது கிலோமீட்டர். அங்கே மாரிக்குப்பம் போகும் வண்டிக்கு மாற வேண்டும். ஊரிகத்துக்குப் பத்து ரூபாய் டிக்கெட். நான் இறங்கியபோது மணி மூன்றரை. ஸ்டேஷன் வாசலில் அறுபது ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன்.

"இன்னா மேடம், தங்கம் பாக்க வந்தீங்களா?" என்றார் ஓட்டுநர். "லேட்டு. எல்லாத்தையும் தோண்டி எடுத்துக்கினு போய்ட்டாங்க. எங்களுக்கு மண்ணு மட்டும்தான் வுட்டு வச்சிக்கீறாங்க." தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சாம்பல் நிற மேடுகள் சாலைக்குப் பின்னால் வரிசையாகத் தெரிந்தன. காற்று அடித்தால் அதிலிருந்து தூசி கிளம்புகிறது. முகத்தை மூட ஒரு துணி எடுத்துப் போங்கள்.

லைன் வீடு என்பது சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய நீளமான ஓட்டு வரிசை. ஒரே கூரை, நடுவில் மெல்லிய சுவர்கள். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வருவார்கள். வசந்தியின் அடுத்த வீட்டுக்காரர் ஸ்டெல்லாக்கா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர், கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. நான் பையை இறக்கி வைப்பதற்குள் ஒரு தூக்குச்சட்டி நிறையப் பொரியுருண்டையோடு வந்துவிட்டார். சாவு விழுந்த வீட்டில் பலகாரம் செய்ய மாட்டார்கள், அக்கம்பக்கம்தான் கொண்டுவந்து தரும்.

"இந்த ஃபிரெண்டயாவது சாப்புடச் சொல்லு. நீ திங்காமயே எலும்பாய்ட்டே" என்றார்.

"நீங்க செஞ்ச உருண்டய ஒடைக்க சுத்தி வேணும்க்கா" என்றாள் வசந்தி. அன்று அவள் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

கார்த்திகை விளக்கை உடன்பிறந்தவனின் நலனுக்காக ஏற்றும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. வசந்தியும் அப்படித்தான். விவரம் தெரிந்த நாள் முதல் சேகருக்காக ஏற்றி வந்திருக்கிறாள். சேகர் தன் பங்குக்குக் கையில் அகல்களோடு ஸ்டெல்லாக்கா வாசலுக்குப் போய்விடுவானாம். வரிசையில் ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது என்பானாம். ஸ்டெல்லாக்காவும் தடுத்ததில்லை.

எண்ணெய் ஆசை, திரி அகந்தை, சுடர் ஞானம் என்று கோவில் சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறேன். எந்தப் பொருளுக்கும் இப்படி மூன்று அர்த்தம் கட்டிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அன்று மாலை அந்த வீட்டில் எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை. யாருக்காக ஏற்றினாளோ அவனும் இல்லை. சொற்பொழிவில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன்.

இங்கே குடியேறியவர்களில் பலர் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள். திருவண்ணாமலையில் மலை மேல் தீபம் ஏற்றுவதை டிவியில் பார்த்த பிறகே வாசலில் விளக்கு வைக்கிறார்கள். வசந்தி டிவியைப் போடவில்லை. ஆறு மணிக்குச் சுவர் வழியாக "அரோகரா" என்று பெரும் சத்தம் வந்தது. ஸ்டெல்லாக்கா வீட்டு டிவி.

"நமக்குக் கேக்கணும்னே சவுண்டு வெக்குது" என்றாள் வசந்தி. எழுந்து போய் நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சத்தம் ஓயும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் வெளியே வந்தபோது லைன் முழுக்க வெளிச்சம், ஸ்டெல்லாக்கா வாசலிலும். எங்கள் ஜன்னல் கட்டையிலும் வாசற்படியிலும் அகல்கள் எரிந்துகொண்டிருந்தன. தீப்பெட்டியோடு ஸ்டெல்லாக்கா குனிந்து நின்றார்.

"அக்கா, இன்னா வேல இது?" என்றாள் வசந்தி.

"பலகாரம் குடுத்தா வாங்கிக்கிறே இல்ல? இத்தயும் அப்டி நெனச்சிக்கோ."

"இது பலகாரமா?"

"நாங்க செத்தவங்களுக்குக் கல்லறையில வெளிச்சம் வெக்கறோம். நீங்க செத்தாங்கன்னு வூட்டயே இருட்டாக்கிக்கிறீங்க. எனக்கு ஒண்ணும் புரியல, வசந்தி. எம் வாசல்ல வெளக்கு வெச்ச புள்ளம்மா அவன். அவன் வூடு இருட்டா கெடந்தா நான் எப்டி உள்ள போய்ப் படுக்கறது?"

"எடுத்துருங்கக்கா. எங்க ஆளுங்க பாத்தா, தம்பி போயி வருசம் திரும்பல, அதுக்குள்ள பண்டிக கொண்டாடறாம்பாங்க. அவங்க கெடக்கறாங்க, எனக்கே முடியல. அவனுக்காக ஏத்தறது. அவன் இல்லாம இது இன்னாத்துக்கு எரியணும்?"

எதிர்வீட்டுக்காரர்கள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெல்லாக்கா மறுபடி அகல் பக்கம் குனிந்தார். "சரி, அணைச்சிடறேன்" என்று முந்தானை நுனியை எடுத்தார்.

"அய்யோ, அணைக்காதீங்க!" என்று வசந்தி கத்தியேவிட்டாள்.

பிறகு அவளே குனிந்து எரியும் அகலை இரண்டு கையாலும் எடுத்து, நாலு அடி நடந்து, ஸ்டெல்லாக்கா வாசலில் வைத்தாள். திரும்பி வந்து இன்னொன்று. என்னைப் பார்த்தாள். நானும் எடுத்தேன். காற்று இருந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனாலும் சுடரை ஒரு கையால் மறைத்துக்கொண்டுதான் நடந்தேன். அகல் சூடேறி விரலைச் சுட்டது. ஒன்றுகூட அணையவில்லை. ஸ்டெல்லாக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் வாசலில் மட்டும் இரட்டிப்பு வெளிச்சம்.

விளக்கின் ஆன்மிகப் பொருள் என்ன என்று என்னைக் கேட்டால் சொல்ல வராது. ஏற்ற முடியாதவளால் அணைக்கவும் முடியவில்லை என்பதை மட்டும் பார்த்தேன். அதை வெறும் பழக்கம் என்று சொல்லிவிட என் படிப்பு இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கத்தல் வெறும் பழக்கத்தின் கத்தல் இல்லை.

தீபத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு: லைன்களைப் பார்க்க மாலை ஐந்தரைக்குள் வந்துவிடுங்கள். தங்கும் விடுதிகள் ராபர்ட்சன்பேட்டையில் இருக்கின்றன, எண்ணூறு ரூபாயிலிருந்து அறை கிடைக்கும். அங்கே கடைத்தெருவில் அகல் டஜன் எழுபது ரூபாய். பங்காருப்பேட்டைக் கிளைப் பாதையில் ரயில்கள் குறைவு, நேரத்தை முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய சுரங்க வாய்கள் பக்கம் தனியாகப் போக வேண்டாம். வாசல் விளக்குகளைப் படம் எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள். விளக்கில்லாத வீட்டைப் படம் எடுக்காதீர்கள்.

மறுநாள் நடந்தது இது. காலை ஒன்பது மணிக்கு வசந்தி, கடைக்குப் போய் வாங்கி வந்த ஒரு அகல், திரி, தீப்பெட்டி, சின்ன எண்ணெய்ப் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, "சேகர்கிட்டப் போய்ட்டு வரலாம்" என்றாள். அவர்கள் குடும்பத்தில் இறந்தவர்களைப் புதைப்பதுதான் வழக்கம். வெளியே வந்தவள் ஸ்டெல்லாக்கா கதவைத் தட்டினாள்.

"அக்கா, வரீங்களா?"

"நேத்து தொரத்தனே, இன்னிக்கிக் கூப்புடறே. நான் இன்னா ஒன் வூட்டு வேலக்காரியா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டெல்லாக்கா செருப்பைப் போட்டுக்கொண்டார்.

இடுகாடு வெட்டவெளி. முதல் குச்சி அணைந்தது. அடுத்ததில் திரி பற்றியது, உடனே போய்விட்டது. ஸ்டெல்லாக்கா ஒரு ஓட்டுச்சில்லால் தலைமாட்டில் பள்ளம் தோண்டி அகலை அதற்குள் இறக்கினார். நாங்கள் மூவரும் காற்று வந்த பக்கமாக நெருக்கி உட்கார்ந்தோம். இந்தத் தடவை பற்றிக்கொண்டது.

"இது பண்டிக இல்ல" என்றாள் வசந்தி.

"யாரு பண்டிகன்னா?" என்றார் ஸ்டெல்லாக்கா.

எண்ணெய் தீரும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. என் ரயில் போய்விட்டது. மதியம் பஸ்ஸில் பெங்களூருக்குத் திரும்பினேன்.