முதலில் இல்லாத இரண்டு வரி

மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது என் வேலை. அதாவது, யாரும் படிக்காததை எழுதி வைத்து, யாராவது தப்புச் செய்தால் "படிக்கலையா?" என்று மேலே இருப்பவர்கள் கேட்க வசதி செய்து கொடுப்பது. தாம்பரத்தில் பல வருஷமாக இந்தச் சேவையைச் செய்துவருகிறேன்.

எங்கள் கருவியில் ஒரு கட்டளை உண்டு. கோப்பு இருக்கும் பாதையின் இரண்டு துண்டுகளை ஒட்டிக் கொடுக்கும். இரண்டாவது துண்டு சாய்கோட்டில் (/) தொடங்கினால், விண்டோஸில் அதை முதல் துண்டுக்கு அடியில் சேர்க்கும். லினக்ஸில் முதல் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டாவதையே முழுப் பாதை என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் ஆட்களோ எந்த ஃபோல்டர் பெயருக்கும் முன்னால், பிள்ளையார் சுழி போடுவதுபோல, ஒரு சாய்கோடு போடாமல் எழுத மாட்டார்கள். லேப்டாப்பெல்லாம் விண்டோஸ், சர்வர் லினக்ஸ். குறிப்பில் இருந்தது 'இரண்டு பாதைகளை இணைக்கும்' என்ற ஒரே வாக்கியம்.

இந்த வித்தியாசத்தை இரண்டு வரியில் எழுதி டீம் லீடுக்கு அனுப்பினேன். அவர் அடித்துவிட்டார். இதைப் படித்தால் நம் கருவியிலேயே கோளாறு என்று வாடிக்கையாளர் நினைப்பாராம். வேலை தெரிந்தவனுக்கு இதெல்லாம் தெரியுமாம்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் இருந்தாள். குழந்தைக்காக வேலையை விட்டு, அது பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் திரும்பி வந்தவள். முடிச்சூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். இன்னும் நிரந்தரமாகவில்லை. "இதுவும் போச்சுன்னா வீட்ல மறுபடி அனுப்ப மாட்டாங்கக்கா" என்று ஒருமுறை சாப்பிடும்போது சொன்னாள்.

சோதனை ஃபோல்டருக்குள் இருக்கும் பழைய பேக்கப்பை அழிக்க அவள் ஒரு நிரல் எழுதினாள். வழக்கப்படி பெயருக்கு முன்னால் சாய்கோடு. அவளுடைய லேப்டாப்பில் சரியாக ஓடியது. சர்வரில் ஓட்டியபோது சோதனை ஃபோல்டரைத் தொடவே இல்லை. அதே பெயரில் சர்வரின் உச்சியில் இருந்த, வாடிக்கையாளர்களின் உண்மையான பேக்கப்பை வழித்துத் துடைத்துவிட்டது.

மீட்டிங்கில் லீட் அவளைப் பார்த்து, குறிப்பைப் படிக்கத் தெரியாதா என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அனுப்பிய இரண்டு வரியை நீங்கள்தானே அடித்தீர்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அது வேற விஷயம் மேடம், அப்புறம் பேசலாம் என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார்கள்.

அவள் போனதும் அந்த இரண்டு வரிக்குத் திடீர் மரியாதை வந்தது. சிவப்புக் கட்டம் கட்டிப் போடச் சொன்னார் லீட்.

"புது வெர்ஷன் நம்பர் வேணாம். பழைய தேதியிலயே இருக்கட்டும்."

முடியாது என்றேன். பரவாயில்லை என்று அவரே போட்டுக்கொண்டார். இப்போது யார் பார்த்தாலும் அந்த எச்சரிக்கை முதல் நாளிலிருந்தே அங்கே இருந்ததுபோல்தான் தெரியும். மனிதவளத் துறைக்கு மெயில் அனுப்பினேன், கவனிக்கிறோம் என்றார்கள். கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

போன வாரம் ஊரப்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது அவள் போன் செய்தாள். வேறு இடத்தில் இன்டர்வியூவாம். வேலை ஏன் போனது என்று கேட்டால், குறிப்பில் எச்சரிக்கையே இல்லை என்று காட்டலாமென எங்கள் இணையதளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள்.

"அக்கா, சிவப்பு கட்டம் போட்டு எழுதியிருக்கே. முன்னாடியே இருந்துதா? நான்தான் பாக்கலையா?"

இல்லை, நீ பார்த்தபோது அது இல்லவே இல்லை, அப்புறம் சேர்த்தார்கள் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். பிளாட்பாரத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.



"நீங்க சொன்னா நம்புறேன்க்கா. ஆனா எங்க வீட்டுக்காரர் தேதியைப் பாத்துட்டார். இன்டர்வியூக்கெல்லாம் போக வேணாம்னு சொல்லிட்டார்."