வெள்ளைச் சுவரில் கரும்புள்ளிகள்

அப்பா எங்கள் வீட்டின் முன்பக்கம் புதிதாக ஓர் அறை கட்டியபோது, அது எனக்குத்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வெள்ளையடித்து முடித்ததும் அத்தையின் பீரோவை அதற்குள் நகர்த்தினார்கள். அத்தை அப்பாவின் தங்கை. நாமக்கல்லில் ஒரு முட்டைக் கம்பெனி அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். வந்த வரன்கள் எல்லாம் தட்டிப் போனதால், அவள் மனம் வாடிவிடக் கூடாது என்று அப்பா எதையும் அவளுக்கே முதலில் செய்தார். நான் பழையபடி ஹாலில் பாய் விரித்தேன்.

என் பொறாமைக்கு அம்மா துணையாக இருந்தாள். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. அத்தையின் ரோஜாச் செடிகளுக்கு ஈரம் நிற்கட்டும் என்று பட்டறையிலிருந்து மூட்டை மூட்டையாக மரச்சீவல் கொண்டுவந்து கொட்டுவார். "நான் ஒரு கறிவேப்பிலைக் கன்னு கேட்டு எத்தன நாளாச்சு" என்று அம்மா அடுப்படியில் முனகுவாள். நான் பலமாகத் தலையாட்டுவேன்.

ஐப்பசி மழை விட்டதும் அந்த அறையின் வெளிச்சுவரில் கரும்புள்ளிகள் தோன்றின. கடுகளவுதான். தார் தெறித்தது போல இறுக ஒட்டியிருந்தன. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அப்பா தார் என்றே நினைத்து மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். பிறகு பூச்சி எச்சம் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தார். போனில் படமெடுத்துப் பெயிண்டுக் கடையில் காட்ட, கடைக்காரர் பூஞ்சணம் என்று ஒரு மருந்தைக் கொடுத்தார். அதை அடித்ததில் சுவர்தான் இன்னும் வெளுத்தது. மறுநாள் புதிய புள்ளிகளும் சேர்ந்திருந்தன.

காரணத்தைக் கண்டுபிடித்தது அம்மா. அத்தை பக்கம் எது நடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. புள்ளிகள் ரோஜாப் பாத்திக்கு நேர் மேலேதான் இருந்தன, தள்ளியிருந்த சுவரில் ஒன்றுகூட இல்லை. குனிந்து ஈரச்சீவலை ஒரு கை அள்ளினாள். அதில் குண்டூசித் தலையளவு மஞ்சள் கிண்ணங்கள் முளைத்திருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கறுப்பு மணி.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. நீங்க கொண்டாந்து கொட்டுனதுலதான் காளான் மொளைச்சு, இந்தக் கறுப்பு மணியச் செவுத்து மேல துப்பிக்கிட்டு இருக்குது."

அப்பா மண்வெட்டியை எடுத்து, சீவல் முழுவதையும் வழித்துத் தூரக் கொட்டினார். ரோஜாக்களுக்கு வேர் தெரிந்தது. அத்தையின் முகம் சுருங்கியது. நானும் அம்மாவும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஜேடர்பாளையம் பக்கமிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அம்மா ஆளே மாறிப்போனாள். சுவரில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, பழைய பிளேடால் ஒவ்வொரு புள்ளியாகச் சுரண்டினாள். புள்ளி போன இடத்தில் பழுப்புக் கறை நின்றது. அதை உப்புத்தாளால் தேய்த்து, மேலே வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு வைத்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துபோயிற்று.

"உடுங்க அண்ணி. அவங்க செவுத்தப் பாக்கவா வாறாங்க?" என்றாள் அத்தை.

"காரை உட்டு எறங்குனா மொதல்ல இதுதான் கண்ணுல படும் சாமி. ஊடு ஓதமடிச்சு ஈரமா இருக்குதுன்னு ஒரு பேச்சு வந்தா, அதையே சாக்கா வெச்சுத் தட்டிக் கழிச்சுருவாங்க."

எனக்குத் தாங்கவில்லை. பொறாமைப்பட எனக்கிருந்த ஒரே துணையும் அந்தப் பக்கம் போய்விட்டது. என் பள்ளிச் சட்டையில் மை கொட்டியபோது அம்மா இப்படித் தேய்த்தாளா என்று நினைத்து நினைத்துப் பொருமினேன். அன்று சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. அம்மா அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

வந்தவர்கள் யாரும் சுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. அத்தையைப் பிடித்துப்போய் அப்போதே பேசி முடித்தார்கள்.

கல்யாணம் முடிந்து அத்தை புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். காரில் ஏறும் முன் அம்மாவின் கையைப் பிடித்து, காய்த்திருந்த விரல்களைத் தடவினாள்.

"செவுத்தோட சேத்து என்னையும் சுத்தமா சொரண்டி எடுத்துட்டீங்க அண்ணி" என்று சொல்லிச் சிரித்தாள்.

அம்மா ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

அத்தை நன்றி சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு பாசம் வைத்திருக்கும் அம்மா அவளை ஏன் போகவிடுகிறாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.