பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முன்பை

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவார்கள். பிழைக்க வந்த இந்த ஒரகடத்தில் நானும் மலரும் ஒரே சைக்கிளில் நடத்துகிறோம். அவளுக்கு முதல் ஷிஃப்ட், எனக்கு இரண்டாவது. நான் படுக்க வரும்போது அவள் தூங்குவாள். அவள் கிளம்பும்போது நான் தூங்குவேன். மதியம் பிள்ளைப்பாக்கம் ஸ்டாப்பில் அவளை ஒரு கம்பெனி பஸ் இறக்கிவிடும், என்னை ஏற்றிப்போக இன்னொன்று வரும். நடுவில் பதினைந்து நிமிஷம். நான் ஓட்டி வந்த சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போவாள். நாங்கள் கண் விழித்து ஒருவரையொருவர் பார்ப்பது அவ்வளவுதான்.

அதற்குள் அவளுக்குச் சுடச்சுடச் சொதி கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். எங்கள் மறுவீட்டு விருந்தில் அவள் மூன்று தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டதை ஓரக்கண்ணால் எண்ணியவன் நான். ஆனால் ஹேண்டில்பாரில் தொங்கிய தூக்குச்சட்டி, வழியிலுள்ள பள்ளங்களுக்கெல்லாம் பாதியைப் பந்தி வைத்துவிடும். அதனால் ஹேண்டில்பாருக்கு முன்னால் மாட்டும் முன்பை ஒன்று வாங்க, அந்தச் சட்டியோடேயே ஸ்ரீபெரும்புதூர் சைக்கிள் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பாபு அண்ணன் உள்ளூர்க்காரர். போன் வைக்கும் குட்டிப் பை, கம்பிக்கூடை, அடி தட்டையான கான்வாஸ் பை என்று எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் சட்டியை இறக்கிப் பார்த்தேன்.

“இன்னாப்பா, பொண்ணு பாக்கற மாரி பாக்குற? உள்ள இன்னா வைக்கப்போற?”

“சொதிண்ணே.”

“அது எந்த வண்டிக்கு வர்ற பார்ட்டு?”

விளக்கினேன். “தேங்காப்பால் கொயம்புக்கா இம்மாம் ஆர்ப்பாட்டம்!” என்றார். கான்வாஸ் பையில் சட்டி அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. மாட்டித் தருகிறேன் என்றவரை நான் விடவில்லை. கார் சீட்டுக்கு போல்ட் முடுக்குகிறவனுக்கு ஒரு பை மாட்டத் தெரியாதா?

அங்கேதான் கோட்டை விட்டேன். எங்கள் லைனில் சீட் இம்மியும் அசையக் கூடாது. முடுக்கியதும் போல்ட் மேல் மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவோம். அதே கைப்பழக்கத்தில் பையின் வார்களை ஹேண்டில்பாரோடும் பிரேக் கேபிளோடும் சைக்கிள் சட்டத்தின் முன்கம்பியோடும் சேர்த்து இறுக்கி, மஞ்சள் கோடும் போட்டேன். பை அசையவில்லை. மறுநாள் ஏரிக்கரை வளைவில் ஹேண்டில்பாரும் அசையவில்லை. நேராகப் போய் ஒரு வீட்டு வைக்கோல்போரில் சொருகி நின்றேன்.

அந்த வீட்டு அக்கா ஓடிவந்தார். “இன்னா தம்பி, ரோடு அங்க கீது, நீ இங்க வந்துகினு கீற?”

வார்களை அறுக்காத குறையாக அவிழ்த்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து மிதித்தேன். ஸ்டாப்பில் என் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மலரின் முகம் வெளிறியிருந்தது.

“எங்க போனீய? பயந்தே போயிட்டேன். தலையெல்லாம் வைக்கோலு!”

“சொதி சிந்தல, பாத்தியா!”

அவள் சிரித்துக்கொண்டே என் தலையில் வைக்கோல் பொறுக்கினாள். ஒரே ஒரு நிமிஷம்தான் கிடைத்தது. வேலை முடியும்வரை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பாபு அண்ணன் மறுபடி மாட்டித் தந்தார். வார்களை ஹேண்டில்பாரில் மட்டும் கட்டி, நடுவே பழைய டியூப் துண்டுகளை வைத்து, கேபிளை வாருக்கு வெளியே எடுத்துவிட்டார். “வண்டின்னா திரும்பணும்பா. ஹேண்டில ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாத்துட்டு அப்புறமா இறுக்கு.”

இப்போது பதினைந்து நிமிஷமும் முழுசாகக் கிடைக்கிறது. நேற்று பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஊரிலிருந்து அம்மாவின் போன். “ஏய்யா, எப்பம் வீட்டுக்கு வருவ?” எந்த வீடு என்று ஒரு கணம் தடுமாறினேன். ஜன்னலுக்கு வெளியே, எங்கள் ஊர்ச் சொதியின் மிச்சமும் இந்த ஊர் வாடகை வீட்டுச் சாவியும் ஒரே பையில் குலுங்க, மலர் எதிர்த்திசையில் மிதித்துக்கொண்டு போனாள்.