சனிக்கிழமை பினாயில்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாடை ஏறியதும் எனக்கு எலி ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் எலி வளர்ப்பதுதான் எனக்கு உத்தியோகம்.

மகாராஜபுரம் காட்டில் வளை தோண்டிப் பிடித்த வெள்ளெலி. பெயர்தான் அப்படி, வயிறு மட்டும் வெள்ளை, முதுகு செம்மண் நிறம். யானைக்கால் நோய்க்கு மருந்து தேடுகிறவர்களுக்குச் சோதித்துப் பார்க்க அது தேவைப்பட்டது. காட்டு எலியை அப்படியே கொடுக்க முடியாது, அதற்கு ஏற்கெனவே என்ன நோயோ யார் கண்டது? கூண்டிலேயே பிறந்து வளர்ந்ததாக இருக்க வேண்டும். அதற்குத்தான் எங்கள் பேராசிரியரும், நானும், கூண்டு கழுவ ரோசம்மா அக்காவும்.

அக்காவுக்கே இடது கால் யானைக்கால். "இதுக பெருகுனா என் காலுக்கு மருந்து வருமா சார்?" என்று கேட்பார். "வரும்க்கா" என்பேன். எப்போது என்று எனக்கும் தெரியாது.

ஆனால் குட்டிகள் தங்கவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் தாய் மட்டும் இருக்கும், வைக்கோலில் ரத்தம். மூன்றாவது முறை, கூண்டைத் திறந்து போட்டதால் பூனை புகுந்துவிட்டது என்று பேராசிரியர் முடிவு கட்டினார்.

"இன்னொரு தடவை நடந்தா வேற வேலை பாத்துக்கோம்மா."

"கர்த்தர் அறிய நான் தொறந்து போடலைய்யா" என்று அக்கா அழுதார். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஒரு ஈத்துக் குட்டிகள் பிறந்த வாரம், சனிக்கிழமை மதியம் குடையை எடுக்கத் திரும்பி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் முந்தின நாளே வீட்டைக் கழுவி விடுவார்கள் அல்லவா? அக்கா எலி வீட்டையும் கழுவிக்கொண்டிருந்தார். பழைய வைக்கோலை அள்ளிக் கொட்டி, கூண்டைப் பினாயிலில் தேய்த்து, குட்டிகளைக்கூட ஈரத்துணியால் துடைத்து உள்ளே விட்டார். தாய் மோந்து பார்த்தது. தன் குட்டியின் வாடை அதில் இல்லை. கடித்துத் தின்றுவிட்டது.

துளி வாடை வரக்கூடாது என்று அக்காவுக்கு முதல் நாளே கறாராகச் சொன்னவன் நான்தான்.

பேராசிரியரிடம், "குட்டி இருக்கும்போது கழுவ வேண்டாம் சார்" என்றேன். கழுவச் சொன்னது யார் என்று சொல்லவில்லை. அக்காவின் வேலை தப்பியது, குட்டிகளும் தங்கின. கெட்டிக்காரன் என்ற பெயர் எனக்கு.

"அப்ப அம்புட்டையும் நான்தான் கொன்னுட்டேனா சார்?" என்று அக்கா கேட்டார்.

"போகட்டும்க்கா, விடுங்க" என்றேன், ஏதோ நான் மன்னிக்கிறவனைப் போல. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

தொண்ணூறுகளில் திட்டம் நின்றது. எலி வீடு இருந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். மகாராஜபுரம் காட்டில் வளை இருந்த இடமெல்லாம் பிளாட் கல். அக்காவும் இல்லை; கால் கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

எலிகளை அனுப்பிவிட்ட கடைசி நாளில், "காலிக் கூண்டுதானேக்கா, கழுவிக் கவுத்திருங்க" என்றேன்.

"வேண்டாம் சார்," என்றார் அக்கா, "பயமா இருக்கு."