டெஸ் ஹாட்ரல் கவிழ்த்த கேரவன்

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரில், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டியான கேரவன் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வரைபடம் போடுகிறவர் டெஸ் ஹாட்ரல். திரையில் இருக்கும் வண்டியை எந்தப் பக்கமும் திருப்பிக் காட்டும் கனமான குமிழ் ஒன்று அவருடைய கணினிக்கு வந்தது. அதே மேசையில் முறைவைத்து வேலை பார்த்தவள் நொரீன். இருவருக்கும் முதல் நாளே தகராறு.

“குமிழை வலப்பக்கம் தள்ளுனா வண்டி வலப்பக்கம் போகணும், நொரீன். என் கையில இருக்கிறது வண்டி.”

“வண்டி இல்ல டெஸ், உன் கண்ணு. நீ வலப்பக்கம் போனா வண்டி இடப்பக்கம்தான் நகரும்.”

இருவரும் தங்கள் முறை வரும்போது தங்கள் விருப்பப்படி குமிழின் திசையை மாற்றி அமைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பணி ஓய்வு பெற்ற கென்னும் அவர் மனைவி பெரிலும் கேரவன் வாங்க வந்தார்கள். நொரீன் காலையில் குமிழை மாற்றியிருந்தது டெஸ்ஸுக்குத் தெரியாது. வந்தவர்களுக்குத் திரையில் கூரையைக் காட்டக் குமிழைச் சாய்த்தார். வண்டியின் அடிவயிறு தெரிந்தது. பதறி இன்னும் சாய்த்தார். கேரவன் மல்லாந்து நான்கு சக்கரங்களையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. டெஸ்ஸின் காது சிவந்துவிட்டது.

“அப்படியே நிறுத்துங்க,” என்றாள் பெரில். “கென், போன தடவை சரளைக்கல் அடிச்சு நம்ம தண்ணிக்குழாய் உடைஞ்சது இந்த இடத்துலதான? இவங்க தகடு போட்டு மூடியிருக்காங்க பாரு. மத்த கடையில எல்லாம் மெத்தையத்தான் காட்டுனாங்க.”

அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்கள் போனதும், பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த நொரீன் கேட்டாள்: “வேணும்னுதான் கவுத்தியா?”

“பின்ன? கல்லு கூரையிலயா அடிக்கும்?” என்றார் டெஸ், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.